பாலத்தில் சென்சார் வைத்தால் இடிவதை முன்பே சொல்லிவிடுமா?

கேள்வி: பழைய பாம்பன் பாலத்தில் சென்சார் வைத்திருந்தார்கள், அது காட்டிய எச்சரிக்கையால்தான் 2022-ல் ரயிலை நிறுத்தினார்கள் என்று படித்தேன். எல்லாப் பாலங்களிலும் இதைப் பொருத்திவிட்டால் விபத்தே நடக்காதே, ஏன் செய்வதில்லை? கடற்கரை அருகே இருக்கும் எங்கள் 30 வருட அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இப்படி ஏதாவது பொருத்தலாமா?

பதில்:

பாலங்களில் கருவி பொருத்தி, வருகிற ரீடிங்கைப் படித்துச் சொல்வதுதான் நான் பல வருடங்கள் பார்த்த வேலை. கட்டமைப்பு நலக் கண்காணிப்பு என்று பாடப்புத்தகத்தில் பெயர். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இது இடியப் போகிறது" என்று சொல்கிற சென்சாரை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சென்சார் தருவது ஒரு எண், அவ்வளவுதான். இந்த இடத்தில் இரும்பு இவ்வளவு நீண்டது, இந்தத் தூண் இவ்வளவு சாய்ந்தது, இந்த கேர்டர், அதாவது பாரம் தாங்கும் உத்திரம், நொடிக்கு இத்தனை தடவை ஆடியது. அதைப் பார்த்துப் பயப்படலாமா என்று முடிவு செய்ய வேண்டுமானால், எதற்குப் பயப்படுகிறோம் என்பது கருவியை ஒட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பாம்பனில் அது தெரிந்திருந்தது. அங்கே கருவி உதவியதற்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து.

பாம்பன் கதையை ஒரு நிமிடம் பார்ப்போம். 1914 பிப்ரவரியில் திறந்த பாலம், நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு இலைகளாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் பகுதி. ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் பெரும்பாலான கேர்டர்கள் கடலுக்குள் போயின, ஷெர்சர் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மீட்டார்கள். மீட்டர் கேஜ் வண்டிக்காகக் கட்டிய அந்தப் பாலத்தின் மேல் 2007-ல் பிராட் கேஜ் வண்டி ஓட ஆரம்பித்தது. சுற்றிலும் உப்புக்காற்று, நூறு வருடத் துரு, கட்டியவர்கள் நினைத்தே பார்க்காத பாரம். கவலை எங்கே என்று கேட்டால் அங்கே வேலை பார்த்த கேங்மேன்கூடக் கையை நீட்டிக் காட்டுவார்: தூக்குப் பகுதி. 2018 டிசம்பரில் அங்கேதான் விரிசல் தெரிந்து, சில மாதங்கள் ரயிலை நிறுத்தினார்கள்.

ஐஐடி மெட்ராஸ் பொருத்திய கருவிகளுக்கு அதனால் ஒரு தெளிவான வேலை இருந்தது. எந்த இடம் என்று தெரியும். எது வழக்கமான அதிர்வு, எதைத் தாண்டினால் ஆபத்து என்று வரம்பு வைத்திருந்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வரம்பு தாண்டியதாக எச்சரிக்கை வந்ததும் வண்டியை நிறுத்தினார்கள். பழைய பாலத்தில் அதற்கப்புறம் பயணிகள் ரயில் ஓடவேயில்லை. 2025 ஏப்ரல் 6-ம் தேதி பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது. அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும்.

பாம்பனில் எனக்கு இதைவிடப் பிடித்த கருவி ஒன்று உண்டு, காற்றின் வேகத்தை அளக்கிற அனிமோமீட்டர். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, வண்டி மண்டபம் பக்கமோ பாம்பன் பக்கமோ நின்றுவிடும். ஒரே ஒரு எண், ஒரே ஒரு வரம்பு, தாண்டினால் என்ன செய்வது என்பது முன்பே முடிவான விஷயம். நடுராத்திரியில் யாரும் யாரையும் எழுப்பி அனுமதி கேட்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து வைக்கிற பல கண்காணிப்பு அமைப்புகளுக்கு இந்தத் தெளிவு கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எதிர்ப்பக்கம். அமெரிக்காவில் மின்னியாபோலிஸ் நகரத்தில் மிசிசிப்பி ஆற்றின் மேல் ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம். 1967-ல் திறந்தது. 2007 ஆகஸ்ட் 1-ம் தேதி மாலை, ஆபீஸ் விடுகிற நேரத்தில் ஆற்றுக்குள் விழுந்தது, 13 பேர் இறந்தார்கள். யாரும் கவனிக்காமல் விட்ட பாலம் என்று நினைத்துவிடாதீர்கள். வருடா வருடம் ஆய்வு நடந்தது. குறைபாடு உள்ள பாலம் என்று 1990-களிலிருந்தே பட்டியலில் இருந்தது. இன்னொன்றும் உண்டு: மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதன் எஃகுச் சட்டங்களில் திரிபு அளவிகளை, அதாவது இரும்பு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் பட்டைகளை, ஒட்டி, லாரிகளை ஓட்டி அளந்து, 2001-ல் அறிக்கையும் கொடுத்திருந்தார்கள். களைப்பால், அதாவது பாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வருகிற விரிசலால், பிரதானச் சட்டத்துக்குப் பிரச்சினை வர வாய்ப்பில்லை என்பது அவர்கள் முடிவு.

அந்த முடிவு தப்பில்லை. பாலம் களைப்பால் விழவில்லை. சட்டங்கள் ஒன்றோடொன்று சேருகிற முனையில் அவற்றைப் பிடித்து வைக்கிற குசட் தகடு என்று ஒன்று உண்டு. அது அரை அங்குல கனத்தில் இருந்தது, இருந்திருக்க வேண்டியதில் பாதிதான். கட்டும்போதே நடந்த கணக்குப் பிழை. நாற்பது வருடம் அதைத் தாங்கிக்கொண்டு நின்ற பாலத்தின் மேல், இடையில் காங்கிரீட் கனத்தையும் கூட்டியிருந்தார்கள். அன்றைக்குச் சாலை வேலைக்காக மணலும் ஜல்லியும் வண்டிகளுமாக 250 டன்னுக்கு மேல் ஒரே இடத்தில் குவித்திருந்தார்கள். தகடு பிதுங்கிக்கொண்டு போயிற்று. விசாரணையில் 2003-ல் எடுத்த புகைப்படங்கள் கிடைத்தன, அவற்றிலேயே அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. சென்சார் இல்லாமல், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பார்த்தவர்கள் துருவையும் விரிசலையும் தேடிக்கொண்டிருந்தார்கள், வளைவைத் தேடவில்லை.

அதே இடத்தில் 2008-ல் திறந்த புதுப் பாலத்தில் 300-க்கும் மேற்பட்ட சென்சார்கள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் பழைய பாலத்தில் 300 வைத்திருந்தாலும், அந்தத் தகட்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் அதே கதைதான் நடந்திருக்கும். திரிபு அளவி தன் விரல்நீளப் பட்டைக்குக் கீழே நடப்பதை மட்டும்தான் அறியும். ஒரு அடி தள்ளி உலகமே இடிந்தாலும் அதற்குத் தெரியாது.

"அப்படியானால் பாலம் முழுவதையும் ஒரேயடியாகப் பரிசோதிக்க வழியில்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் மண்பானை வாங்குகிற வழிதான். விரலை மடக்கித் தட்டுவார்கள். கணீரென்றால் நல்ல பானை. சொத்தென்று மந்தமாகக் கேட்டால் எங்கேயோ கீறல், எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். பாலத்துக்கும் இப்படி ஒரு இயல்பான ஓசை உண்டு. காற்றோ லாரியோ தட்டியதும் அது தனக்கே உரிய அதிர்வெண்ணில் ஆடும். சாதாரணப் பாலம் நொடிக்கு இரண்டு, மூன்று, நான்கு தடவை என்று ஆடும், காதுக்குக் கேட்காது. அதிர்வை அளக்கும் முடுக்கமானிகள் நாலைந்தை வைத்து அதைப் பிடித்துவிடலாம். பாலம் பலவீனமானால் விறைப்பு குறையும், விறைப்பு குறைந்தால் அதிர்வெண் இறங்கும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நானும் முதல் ஐந்து வருடம் இதை மனதார நம்பினேன்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. அதிர்வெண் போவது விறைப்பின் வர்க்கமூலத்தோடு. முழுப் பாலத்தின் விறைப்பு 2 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் 1 சதவீதம்தான் இறங்கும். ஒரு கேர்டரின் ஒரு மூலையில் வந்த விரிசல் முழுப் பாலத்தின் விறைப்பில் 2 சதவீதத்தைக்கூடத் தொடாது. அப்படியே தொட்டாலும், வெயில் அதை மறைத்துவிடும். நியூ மெக்சிகோவில் அலமோசா கேன்யன் என்ற சின்னப் பாலத்தை ஒரு முழு நாள் அளந்து பார்த்தார்கள். பகல் வெயிலுக்கும் ராத்திரிக் குளிருக்கும் நடுவில் மட்டுமே அதன் முதல் அதிர்வெண் சுமார் 5 சதவீதம் ஏறி இறங்கியது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சூரியன் உதித்து மறைந்தது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் எங்கள் தொழிலுக்கே பாடப்புத்தகமாக ஆனது சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலம். பெர்னுக்கும் ஜூரிச்சுக்கும் நடுவே நெடுஞ்சாலை மேல் இருந்தது. ரயில்பாதைக்காக எப்படியும் இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஆராய்ச்சியாளர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1997 கடைசியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒன்றும் செய்யாமல் அளந்தார்கள். அப்புறம் 1998-ல் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்தார்கள்: ஒரு தூணை அறுத்து, படிப்படியாக 95 மில்லிமீட்டர் வரை இறக்கினார்கள், காங்கிரீட்டைப் பெயர்த்தார்கள், உள்ளே இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளை வெட்டினார்கள். பாவம், அந்தப் பாலம். கிடைத்த பாடம் என்னவென்றால், குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அதிர்வெண் கிடுகிடுவென்று ஏறியது. மேலே போட்டிருந்த தார் உறைந்து கல்லாகிப் பாலத்தோடு சேர்ந்து விறைத்துக்கொண்டதுதான் காரணம். ஒரு வருடத்தில் தட்பவெப்பம் உண்டாக்கிய வித்தியாசம், ஆட்கள் மெனக்கெட்டுச் செய்த சேதம் உண்டாக்கியதைவிடப் பெரிதாக இருந்தது.

அதனால்தான் ஒழுங்காகச் செய்கிற யாரும் முதல் ஒரு வருடம் அலாரமே வைக்க மாட்டார்கள். வெறுமனே கேட்பார்கள். சித்திரை வெயிலில் எப்படி ஆடுகிறது, ஐப்பசி அடைமழையில் எப்படி, மார்கழி விடியற்காலையில் எப்படி என்று பாலத்தின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டு, வெப்பத்தின் பங்கைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் ஒரு பாலம். தூண் தினமும் காலை பத்தரை மணிக்கு மேற்கே சாய்கிறது என்று சாய்வுமானி அலறியது. புதிதாக வந்த பையன் பதறிப்போய் போன் செய்தான். கிழக்கு முகத்தில் வெயில் பட்டு அந்தப் பக்கம் லேசாக நீண்டிருக்கிறது, தூண் மறுபக்கம் வளைந்திருக்கிறது. சாயங்காலம் தானாகவே திரும்பிவிட்டது. "தம்பி, அது சூரிய நமஸ்காரம் பண்ணுது, விட்டுடு" என்றேன்.

சரி, எதுவுமே உருப்படாதா என்றால், இல்லை. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இது அருமையாகவும் வேலை செய்யும். எனக்கு நம்பிக்கை உள்ள சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, யாரும் பெருமையாகப் பேசாத ஒன்று, பேரிங் நகர்கிறதா என்று பார்ப்பது. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் நீளும். 100 மீட்டர் கேர்டர் 20 டிகிரி வித்தியாசத்தில் 24 மில்லிமீட்டர் நீள வேண்டும். நீண்டு சுருங்க இடம் கொடுப்பதற்குத்தான் கேர்டருக்குக் கீழே பேரிங். மண்ணும் துருவும் அடைத்து அது இறுகிவிட்டால், நகர முடியாத கேர்டர் அந்த வேகத்தை முழுக்கத் தூணின் மேல் காட்டும். ஒரு இடப்பெயர்ச்சி அளவி, ஒரு வெப்பமானி, இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் போதும். வெயில் ஏறியும் கோடு ஏறாமல் படுத்திருந்தால் பேரிங் செத்துவிட்டது என்று அர்த்தம். இதற்குக் கணினி மாடலும் வேண்டாம், செயற்கை நுண்ணறிவும் வேண்டாம்.

இரண்டாவது, களைப்புக் கணக்கு. எஃகுப் பாலத்தில் ஒவ்வொரு வண்டியும் சிறு காயத்தை உண்டாக்கிவிட்டுத்தான் போகிறது. தகைவின், அதாவது எஃகுக்குள் ஏறும் விசையின், வீச்சு இரண்டு மடங்கானால் காயம் இரண்டு மடங்கு இல்லை, தோராயமாக எட்டு மடங்கு. பத்து டன் ஏற்ற வேண்டிய மணல் லாரியில் இருபது டன் ஏற்றி அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. திரிபு அளவி இங்கே கில்லாடி. பாலத்தில் உண்மையில் ஓடுகிற பாரம் எவ்வளவு, எத்தனை தடவை என்று எண்ணி வைத்துக்கொண்டால், வடிவமைத்தவர் கொடுத்த ஆயுளில் எவ்வளவு தீர்ந்தது என்று நியாயமாகச் சொல்லலாம். விரிசலைக் காட்டாது. எந்த இணைப்பில் விரிசலைத் தேட வேண்டும் என்று காட்டும். தேடுவதற்கு ஆள் போக வேண்டும்.

மூன்றாவது, ஒலியைக் கேட்பது. இழுத்துக் கட்டிய கம்பிகள் உள்ள காங்கிரீட் பாலங்களில் பெரிய பயம், உள்ளே இருக்கும் கம்பி வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் அறுந்துகொண்டே போவது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலம் 2024 செப்டம்பர் 11 விடிவதற்கு முன் இப்படித்தான் ஒரு பகுதி எல்ப் ஆற்றில் விழுந்தது. சற்று முன்புதான் டிராம் ஒன்று கடந்து போயிருந்தது. யாருக்கும் காயம் இல்லை என்பது அதிர்ஷ்டம். அரிப்பால் உள்ளே எஃகில் விரிசல் ஓடியிருந்தது. விழாமல் மிச்சம் நின்ற பகுதிகளில் ஒலி உணரிகளை ஒட்டினார்கள். விறைப்பாக இருக்கும் கம்பி அறும்போது காங்கிரீட்டுக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம் கிளம்பும், அதைப் பல உணரிகள் பிடித்தால் எந்த இடம் என்றும் கணக்கிட்டுவிடலாம். 2025-ல் அப்படிக் கம்பிகள் அறுவதைக் கேட்டுத்தான் கீழே போகும் கப்பல்களை நிறுத்தினார்கள். பயம் எது என்று தெரிந்த பிறகு வைத்த கருவி, பாம்பன் மாதிரியே. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: ஒலி உணரி வைத்த நாளுக்கு முன்னால் அறுந்த கம்பிகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நான்காவது, மெதுவாக நகரும் விஷயங்கள். தூண் அமிழ்வது, சாய்வது, அணையின் கசிவு ஏறுவது. பைசா கோபுரத்தின் சாய்வை 1911-லிருந்தே தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அந்த நீண்ட பதிவு இருந்ததால்தான், கோபுரத்தின் உயர்ந்த பக்க அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி நிமிர்த்தியபோது ஒவ்வொரு நாளும் கோபுரம் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துப் பார்த்து வேலை செய்ய முடிந்தது. ஐந்தரை டிகிரி சாய்வை நாலுக்கு இறக்கி, 2001-ல் மறுபடி திறந்தார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஜெனோவாவை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. 2018 ஆகஸ்ட் 14, இத்தாலியில் மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் தாங்கு கம்பிகளை காங்கிரீட்டுக்குள் பொதிந்து கட்டியிருந்தார்கள். துருப்பிடிக்காமல் காப்பாற்றும் என்று நினைத்துச் செய்தது, துருவை யாரும் பார்க்க முடியாமல் மறைத்துவிட்டது. 11-ம் எண் தூணின் கம்பிகளை 1990-களிலேயே பலப்படுத்திவிட்டார்கள். 9-ம் எண் தூணை அப்படிச் செய்யவில்லை, விழுந்தது அதுதான். முந்தைய வருடம், 2017-ல், மிலான் பாலிடெக்னிக்கைச் சேர்ந்தவர்கள் முடுக்கமானிகளை வைத்து அதன் ஆட்டத்தை அளந்திருந்தார்கள். 9-ம் தூணின் கம்பிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடவில்லை, எதிர்பார்த்தபடி இல்லை, மேலும் ஆராய வேண்டும், நிரந்தரக் கண்காணிப்பு வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். பானை மந்தமாகத்தான் கேட்டது. கேட்டவர்கள் சொன்னார்கள். பலப்படுத்தும் திட்டம் கோப்பில் நடந்துகொண்டிருந்தது, பாலத்தின் மேல் வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏன் எல்லாப் பாலங்களிலும் வைப்பதில்லை" என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. அலாரம் அடித்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள், யாரைக் கேட்காமல் போக்குவரத்தை நிறுத்தலாம் என்று எழுதி வைக்காத இடத்தில் சென்சார் வைப்பது வீண். ஒரு இடத்தில் நாங்கள் வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது, எச்சரிக்கை எஸ்எம்எஸ் போகிற எண் யாருடையது என்று பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பொறியாளருடையது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஆமா சார், ஏதோ மெசேஜ் வரும், நான் மியூட்ல போட்டுட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மியூட் பண்ணுவதற்கு முன்னால் ஆறு மாதம் பொய் அலாரமாகவே வந்து தொலைத்திருந்தது.

மீதிப் பாதி செலவும் பராமரிப்பும். பாலம் நூறு வருடம் நிற்கும், அதில் ஒட்டிய சென்சார் பத்து வருடம் தாங்கினால் பெரிது. ஈரம் இறங்கினால் திரிபு அளவியின் ரீடிங் தானாகவே நகர ஆரம்பிக்கும். பாலம் நகர்கிறதா, பசை நகர்கிறதா என்று தெரியாமல் விழிப்போம். எலி கேபிளைக் கடிக்கும். சோலார் பலகையை யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள். ஒளியிழை உணரிகளுக்குத் துருவும் மின்னலும் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அதைப் படிக்கிற பெட்டியின் விலை மலைக்க வைக்கும். இந்திய ரயில்வேயிடம் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி நாலடி மதகுகளும் சிறு வளைவுகளும். அவற்றுக்கு வேண்டியது ஒரு சுத்தியல், ஒரு டார்ச், ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிற ஒரு அனுபவசாலி. 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பி தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். பிரதான வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருவேறிப் போயிருந்தன என்று சிறப்பு விசாரணைக் குழு சொன்னது. சில நாளுக்கு முன்புதான் பழுதுபார்த்துத் திறந்திருந்தார்கள். அங்கே எந்தச் சென்சார் இல்லாதது குறை? வடத்தைத் திறந்து பார்க்க ஆள் இல்லாததுதான்.

கருவி எங்கே நியாயம் என்று கேட்டால், ஹாங்காங்கின் சிங் மா மாதிரி 1,377 மீட்டர் இடைவெளியை ஒரே தாவாகத் தாவுகிற பாலம், சூறாவளிப் பாதையில் நிற்பது, விமான நிலையத்துக்குப் போகும் ரயிலும் சாலையும் அதை நம்பியிருப்பது. அங்கே 1997-ல் திறக்கும்போதே கருவிகளோடுதான் திறந்தார்கள். அப்புறம் பாம்பன் மாதிரி, கவலை தெரியும், மாற்றுப் பாலம் வரும்வரை இன்னும் சில வருடம் ஓட்டியாக வேண்டும் என்கிற கிழட்டுப் பாலங்கள். புதிதும் இல்லாமல் ரொம்பப் பழையதும் இல்லாமல் நடுவயதில் நிற்கும் சாதாரணப் பாலத்துக்கு அந்தப் பணத்தில் பேரிங்கை மாற்றி, தண்ணீர் வடியும் குழாயை அடைப்பெடுத்து, பெயிண்ட் அடித்தால் அதிகப் புண்ணியம். எங்கள் சங்கத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னால் சென்சார் விற்பவர்கள் எனக்குக் காபி தர மாட்டார்கள்.

இப்போது உங்கள் அடுக்குமாடி. முடுக்கமானி, ஒளியிழை எதுவும் வேண்டாம். மூன்று மாடி, நாலு மாடிக் கட்டடம் அதிர்வால் கெடுவதில்லை, உள்ளே கம்பி துருப்பிடித்துக் கெடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் காரை உப்பிப் பெயர்ந்து விழுகிறது. கடற்கரை அருகே என்கிறீர்கள், அப்படியானால் சந்தேகமே வேண்டாம், அதைத்தான் தேட வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் தூண்களின் அடிப்பகுதி, குளியலறைக்குக் கீழே வரும் கூரை, பால்கனி ஓரம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி, இந்த நாலும் முதலில். கம்பி ஓடுகிற திசையிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினால் அது துரு. பூச்சில் வலைப்பின்னல் மாதிரி இருக்கும் மெல்லிய கீறல் பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும்.

ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். தூணிலிருந்து துளி காங்கிரீட்டைப் பெயர்த்து, பினாப்தலீன் கரைசல் தெளிப்பார். நல்ல காங்கிரீட் ரோஜா நிறமாகும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தின்றுவிட்ட பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூட வேதியியல்தான், சில நிமிட வேலை. கடலோரம் என்பதால் காங்கிரீட்டில் உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள், நிறம் ரோஜாவாக இருந்தாலும் உப்பு கம்பியை அரிக்கும். மீயொலியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடித்து வேகம் பார்ப்பார். நொடிக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வந்தால் நல்லது, அதற்குக் கீழே போனால் அந்த இடத்தை மேலும் தோண்டிப் பார்க்க வேண்டும். கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து, துரு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் சொல்ல முடியும். காரை கொட்டிய இடத்தில் கம்பியைச் சுத்தம் செய்யாமல் மேலே சிமென்ட் பூசி வெள்ளையடிக்கிற கொத்தனாரை மட்டும் தயவுசெய்து அழைக்காதீர்கள். அவர் வேலை பார்த்த கட்டடங்களில் நோயைக் கண்டுபிடிப்பதே எங்களுக்குப் பெரும்பாடு.

நீங்களே செய்யக்கூடிய கண்காணிப்பு ஒன்று இருக்கிறது. சந்தேகமான விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் எபாக்ஸி பசையால் ஒட்டி, பக்கத்திலேயே தேதியை எழுதுங்கள். விரிசல் திறந்தால் கண்ணாடி உடையும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு ஆணி அடித்து, வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை மாதம் ஒரு தடவை அளந்து ஒரு நோட்டில் குறியுங்கள். எப்போதும் காலை ஏழு மணிக்குள் அளக்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் மேலே சொன்ன சூரிய நமஸ்காரம் உங்கள் சுவரிலும் நடக்கும். சங்கச் செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு அந்த நோட்டையும் கைமாற்றுங்கள். எத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும் என்பதை அவரிடமே இன்றைக்குக் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் அவர் போன் எண்ணோடு எழுதி வைத்துவிடுங்கள்.